முடிவாகாத ரவுட்டரின் மேல் எழுந்த பயன்பாடுகள்: ஆங்குலர் 2-இன் முன்வெளியீட்டுக் காலம் குறித்த நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் 9 அன்று, வலைப் பயன்பாடுகளை எழுதுவதற்கான கூகுளின் ஃப்ரேம்வொர்க்கான (அடித்தள நிரல்தொகுப்பான) ஆங்குலர் 2-இன் ஆர்சி5 என்ற முன்வெளியீட்டுப் பதிப்பு வெளியானது. பயன்பாட்டைத் தொடங்கி வைக்கும் முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு கம்பொனென்டும் (திரையின் ஒரு பகுதியைத் தரும் நிரல் அலகு) தனக்குத் தேவையான பிற கம்பொனென்டுகளைப் பட்டியலிடும் முறைவரை, அதற்கு முந்தைய நாள் வரை ஆவணங்கள் கற்பித்துவந்த எழுத்துமுறை அன்றோடு பழையதாயிற்று. என்ஜிமாட்யூல் என்ற புதிய அலகு நடுவே வந்து நின்றது. இனி எந்தக் கம்பொனென்டும் ஏதேனும் ஒரு மாட்யூலில் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். ரிலீஸ் கேண்டிடேட் (சுருக்கமாக ஆர்சி) என்றால், பெரும் பிழை எதுவும் தென்படாத வரை அப்படியே இறுதிப் பதிப்பாகிவிடும் நிரல் என்பதுதான் மென்பொருள் தொழிலில் பொதுவாக நிலவும் புரிதல். அந்தப் புரிதலோடு மே மாதத்தில் ஆங்குலர் 2-ஐ எடுத்துத் திட்டம் தொடங்கிய குழுக்கள், ஆகஸ்ட் மாதத்தில் தங்கள் பயன்பாட்டின் எலும்புக்கூட்டையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

முன்வெளியீட்டுப் பதிப்புகளைத் திட்டங்களில் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை தேடுவோர் பலர். 2015 டிசம்பரில் தொடங்கி 2016 செப்டம்பரில் முடிந்த ஆங்குலர் 2-இன் வரலாறு அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்கச் சொல்கிறது. அந்த ஒன்பது மாதங்களில் ஃப்ரேம்வொர்க்கின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் மாறவில்லை. கம்பொனென்ட், டெம்ப்ளேட் (கம்பொனென்டின் திரை வடிவம்), டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் (ஒரு பகுதிக்குத் தேவையான பிற பகுதிகளை வெளியிலிருந்து வழங்கும் முறை) ஆகியவை பெருமளவு நிலைத்திருந்தன. முகவரிக்கேற்ற திரையைக் காட்டும் ரவுட்டரும் படிவங்களும் பேக்கேஜ் (நிரலைப் பகிரும் பொதி) அமைப்பும் திரும்பத் திரும்ப மாறின. எது நிலைத்தது, எது இன்னும் முடிவாகவில்லை என்பது பதிப்பின் பெயரில் தெரியவில்லை என்றாலும், வெளிப்படையாகக் கிடைத்த மாற்றக் குறிப்புகளில் ஓரளவு தெரிந்தே இருந்தது.

பின்னணி

ஆங்குலர் 2-இன் முன்னோடியான ஆங்குலர்ஜேஎஸ் 2009-இல் மிஷ்கோ ஹெவரியும் ஆடம் ஆப்ரன்ஸும் தொடங்கிய முயற்சி. பின்னர் கூகுளின் ஆதரவில் வளர்ந்து, 2012 ஜூனில் 1.0 பதிப்பாக வெளிவந்தது. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த என்ஜி-யூரோப் மாநாட்டில், அடுத்த பெரும் பதிப்பு பழையதன் தொடர்ச்சியாக இராது, புதிதாகவே எழுதப்படும் என்பது வெளிப்பட்டது. இகோர் மினாரும் டோபியாஸ் பாஷும் தந்த உரையில், 2.0-இல் இடம்பெறாதவை கல்லறைக் கற்களில் பெயர் பொறித்துக் காட்டப்பட்டன: பழைய பதிப்பின் பகுதிகளான கன்ட்ரோலர், ஸ்கோப், ஜேக்யூலைட் ஆகியவற்றோடு ஆங்குலர்.மாட்யூலும் அவற்றில் ஒன்று. (இரண்டாண்டு கழித்து ஆர்சி5-இல் மாட்யூல் என்ற கருத்து வேறு உருவில் திரும்பி வந்ததைக் கண்டவர்களுக்கு அந்தக் கற்கள் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. இரண்டும் வேலையால் வேறுபட்டவை என்பது உண்மைதான்.) பழைய பயன்பாட்டைப் புதியதற்கு நகர்த்தும் வழி என்ன என்பதற்கு அந்த மாநாட்டில் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2015 மார்ச்சில், அதுவரை பேசப்பட்ட அட்ஸ்கிரிப்ட் என்ற தனி மொழி கைவிடப்பட்டு, மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் ஏற்கப்பட்டது.

இந்தப் பின்னணி முக்கியமானது. ஏனெனில், முற்றுப்பெறாத ஒரு மென்பொருளை இத்தனை குழுக்கள் எடுத்துக்கொண்டதற்குப் புதுமை மோகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கையிலிருந்த 1.x (ஆங்குலர்ஜேஎஸ்) உறுதியாக ஓடியது; ஆனால் அதற்கு எதிர்காலம் இல்லை என்று அதன் ஆசிரியர்களே அறிவித்துவிட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் நிலைக்க வேண்டிய ஒரு திட்டத்தை 2016 தொடக்கத்தில் ஆரம்பித்தவர், நாளை கைவிடப்படும் நிலையான பதிப்பையும் நாளை நிலைபெறும் நிலையற்ற பதிப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆல்பா எனப்படும் தொடக்கநிலைச் சோதனை வெளியீடுகளின் எண் ஐம்பதைத் தாண்டிய பிறகு, 2015 டிசம்பர் 15 அன்று அதற்கடுத்த சோதனை நிலையான பீட்டா அறிவிக்கப்பட்டபோது, பலர் அதைக் கட்டுமானம் தொடங்குவதற்கான அழைப்பாகவே எடுத்துக்கொண்டனர்.

ஒரே வழிப்பட்டியல், நான்கு எழுத்துமுறைகள்

ஒரு வலைப் பயன்பாட்டில் எந்த முகவரிக்கு எந்தத் திரை வர வேண்டும் என்பதை முடிவு செய்வது ரவுட்டர். ஒவ்வொரு திரையும் ஏதோ ஒரு வகையில் அதைத் தொடுவதால், அது மாறினால் திட்டம் முழுவதும் அதிர்கிறது. ஆங்குலர் 2-இல் மிகுதியாக மாறியதும் அதுவே.

பீட்டா காலத்தில் வழிகள் ரவுட்கான்ஃபிக் என்ற டெக்கரேட்டர் (நிரல் அலகின் மேல் ஒட்டும் குறிப்பு) மூலம் கம்பொனென்டின் தலையிலேயே எழுதப்பட்டன. 2016 மே மாதத் தொடக்கத்தில், என்ஜி-கான்ஃப் மாநாடு கூடிய அதே வாரத்தில், ஆர்சி0-வும் ஆர்சி1-உம் அடுத்தடுத்து வந்தபோது, அந்த ரவுட்டர் 'டிப்ரிகேட்டட்' (கைவிடப்படவிருப்பது) என்ற பின்னொட்டுடன் தனிப் பேக்கேஜாக ஒதுக்கப்பட்டு, அதன் இடத்தில் ரவுட்ஸ் என்ற வேறு டெக்கரேட்டரோடு இரண்டாம் ரவுட்டர் வைக்கப்பட்டது. ஆவணங்களைப் படித்துப் புதியதற்கு மாறியவர்களின் உழைப்பு சில வாரங்களே நீடித்தது. ஜூன் மாதத்தில் இரண்டாவதும் கைவிடப்பட்டு, மூன்றாம் ரவுட்டர் 3.0.0-ஆல்பா என்ற எண்ணோடு வெளிவந்தது. இதில் டெக்கரேட்டர் இல்லை. வழிகள் சாதாரணப் பொருள்களின் அணியாக எழுதப்பட்டு, ப்ரொவைட்ரவுட்டர் என்ற செயற்கூறிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆர்சி5-இல் மாட்யூல் வந்ததும் அந்த ஒப்படைக்கும் முறையும் மாறி, ரவுட்டர்மாட்யூல்.ஃபார்ரூட் என்றாயிற்று.

ஆக, டிசம்பரில் தொடங்கிச் செப்டம்பர் வரை ஒவ்வொரு வெளியீட்டையும் பின்தொடர்ந்த குழு, ஒரே வழிப்பட்டியலை நான்கு முறைகளில் எழுதியிருக்கும். இவற்றில் கடைசி இரண்டிற்கும் இடையிலான மாற்றம் சிறியது. முதல் மூன்றும் அடிப்படையிலேயே வேறுபட்டவை. உள்ளடங்கிய வழிகளை எவ்வாறு சொல்வது, நுழைவதற்கு முன் பயனரின் உரிமையை எங்கே சரிபார்ப்பது, முகவரியில் வரும் மதிப்பை எவ்வாறு பெறுவது ஆகிய எல்லாமே அவற்றில் மாறின.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆர்சி1 வெளியான நாளிலேயே ஒரு ஃப்ரேம்வொர்க் இரண்டு ரவுட்டர்களைச் சேர்த்து அனுப்பியது என்பதாகும். ஒன்று கைவிடப்பட்டது, மற்றொன்று பிறந்து சில நாளே ஆனது. பெயர் எதுவாயிருந்தாலும், அந்தப் பகுதி இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அதைக் கண்ட ஒரு குழு, ரவுட்டரைத் தொடும் நிரலை ஓரிரு கோப்புகளுக்குள் அடைத்து வைத்திருந்தால் ஜூன் மாத மாற்றம் அவர்களுக்கு ஒரு நாள் வேலையாக முடிந்திருக்கக் கூடும். பீட்டாவின் ஆவணம் காட்டியபடி கம்பொனென்டுதோறும் வழிகளைத் தூவி வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

படிவங்கள், மாட்யூல், மற்றவை

ஜூன் மாத ஆர்சி2-இல் படிவங்களுக்கான புதிய தொகுப்பு வந்தது. கன்ட்ரோல், கன்ட்ரோல்குரூப் என்றிருந்தவை ஃபார்ம்கன்ட்ரோல், ஃபார்ம்குரூப் என்றாயின. டெம்ப்ளேட்டில் அவற்றைக் கட்டும் பண்புகளின் பெயர்களும் மாறின. பழையதும் புதியதும் ஒரு காலம் ஒன்றாக இருந்தன. பழையதை அணைத்துப் புதியதை இயக்க, பயன்பாடு தொடங்கும் இடத்தில் இரண்டு அழைப்புகள் சேர்க்க வேண்டும். இந்த மாற்றத்தைக் குறை சொல்வதற்கில்லை. பீட்டாவில் படிவங்களைப் பயன்படுத்தியவர்கள் சந்தித்த இடர்ப்பாடுகளைத் தீர்க்கவே அது செய்யப்பட்டது. முன்வெளியீடு என்ற ஏற்பாடு இருப்பதே அதற்காகத்தான். டெம்ப்ளேட்டில் பட்டியலைச் சுற்றிவரும்போது ஹாஷ் குறியிட்டு எழுதிய மாறியை, பீட்டா17 முதல் லெட் என்று எழுத வேண்டியதாயிற்று. பேக்கேஜின் பெயரும் ஆர்சி0-வில் மாறியதால், நிரலின் ஒவ்வொரு கோப்பிலும் முதல் சில வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது. இவ்விரண்டும் எண்ணிக்கையில் பெரியவை, சிந்தனையில் சிறியவை. தேடி மாற்றும் கருவியே போதும்.

மாட்யூல் அப்படியன்று. அது ஏன் வந்தது என்பதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. டெம்ப்ளேட்டுகளை உலாவியில் ஓடும்போது கம்பைல் செய்யாமல் (இயங்கும் நிரலாக மாற்றாமல்) முன்கூட்டியே கம்பைல் செய்ய வேண்டுமானால், எந்தக் கம்பொனென்ட் எந்த எல்லைக்குள் தெரியும் என்பது ஓடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பயன்பாட்டின் ஒரு பகுதியைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கவும், வெளியார் எழுதிய நூலகம் ஒன்றை ஒரே வரியில் சேர்க்கவும் ஏதோ ஒரு தொகுக்கும் அலகு வேண்டியிருந்தது. இக்காரணங்கள் எவையும் ஆகஸ்டில் திடீரென்று முளைத்தவை அல்ல. முன்கூட்டிய கம்பைல் என்பது ஆங்குலர் 2-இன் தொடக்க கால நோக்கங்களுள் ஒன்று. அதற்குத் தேவையான அடிப்படை அலகு ஆர்சி5-இல்தான் வந்து சேர்ந்தது என்றால், முதல் ஆர்சி வெளியானபோது வடிவமைப்பு முடியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அந்தப் பெயர் அவசரப்பட்டுச் சூட்டப்பட்டது என்பது என் கருத்து.

ஆர்சி5-இல் பழைய முறையும் எச்சரிக்கையோடு இயங்கியது. ஆகஸ்ட் 31 தேதியிட்ட ஆர்சி6-இல் அது நீக்கப்பட்டது. இடையில் கிடைத்தது மூன்று வாரம் அளவே. சொந்த நிரலை மூன்று வாரத்தில் மாற்றிவிடலாம்; ஆனால் திட்டம் சார்ந்திருந்த தேதி தேர்வுக் கருவியோ அட்டவணையோ, அதை எழுதியவர் மாட்யூல் வடிவில் மீண்டும் வெளியிட்டால்தான் ஆர்சி6-இல் ஓடும். ஓய்வு நேரத்தில் அதைப் பராமரிக்கும் ஒருவர் மூன்று வாரத்திற்குள் அதைச் செய்து தருவார் என்று எந்தக் குழுவும் திட்டமிட முடியாது. முன்வெளியீட்டுப் பதிப்பின் உண்மையான செலவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஃப்ரேம்வொர்க்கின் மாற்றக் குறிப்பை நாம் படிக்கலாம், நம் நிரலை நாம் திருத்தலாம். சுற்றியுள்ள நூலகங்களின் கால அட்டவணை நம் கையில் இல்லை.

செப்டம்பர் 13 அன்று ஆர்சி7 வந்தது, மறுநாள் 2.0.0 இறுதிப் பதிப்பு அறிவிக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தால், எட்டு ஆர்சிகளில் கடைசியானது ஒன்றே அந்தப் பெயருக்குப் பொருத்தமாக நடந்துகொண்டது. அதுவும் ஒரு நாள்.

பேக்கேஜ்.ஜேசனில் ஒரு குறி

அந்நாளைய சிக்கலைப் பெரிதாக்கிய தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. பேக்கேஜுகளை நிறுவும் கருவியான என்பிஎம்மில், பேக்கேஜ்.ஜேசன் என்ற பட்டியல் கோப்பில் ஒரு பேக்கேஜின் எண்ணுக்கு முன் கூரைக் குறி (^) இட்டால், அதனோடு ஒத்துப்போகும் புதிய பதிப்பையும் ஏற்கலாம் என்று பொருள். முன்வெளியீட்டு எண்களுக்கு இந்த விதி ஆபத்தாக வேலை செய்கிறது: 2.0.0-ஆர்சி.4 என்ற எண்ணுக்கு முன் கூரைக் குறி இருந்தால், 2.0.0-ஆர்சி.5 அதற்குள் அடங்கும். அதாவது, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆர்சிகளை, ஒத்துப்போகக் கூடியவையாகவே என்பிஎம் கருதும். செமான்டிக் வெர்ஷனிங் (எந்த மாற்றத்திற்குப் பதிப்பு எண்ணின் எப்பகுதி உயர வேண்டும் என்ற வழக்கம்) விதிகளின்படி முன்வெளியீட்டு எண் எந்த உத்தரவாதத்தையும் தருவதில்லை என்பது உண்மை; அந்த எச்சரிக்கை விதிப்புத்தகத்தில் இருந்தது, கூரைக் குறியில் இல்லை.

நிறுவிய எண்களை அப்படியே பூட்டி வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பு என்பிஎம் 5-உடன் 2017 மே மாதத்தில்தான் வந்தது. அதே வசதி கொண்ட மாற்றுக் கருவியான யார்ன் 2016 அக்டோபரில் வெளியானது. அதற்கு முன் ஷ்ரிங்க்ராப் என்ற பூட்டும் கட்டளை என்பிஎம்மில் இருந்தது என்றாலும், அதைத் தாமாக இயக்கியவர்களுக்கே பயன்பட்டது. எனவே ஒரு வரி நிரலும் மாறாத திட்டம், புதிதாகச் சேர்ந்தவரின் கணினியிலோ பில்ட் சர்வரிலோ நிறுவும்போது மட்டும் உடைந்து போவது அன்று நிகழக் கூடியதாயிருந்தது. கூரைக் குறியை நீக்கிச் சரியான எண்ணை எழுதுவது எளிய மருந்து. ஆங்குலரின் தொடக்கநிலை மாதிரித் திட்டமும் தன் எண்களை அவ்வாறே பூட்டி வைத்திருந்தது.

2.0.0 இறுதிப் பதிப்பே ஒரு முன்வெளியீட்டைச் சார்ந்து நின்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது கேட்ட ஆர்எக்ஸ்ஜேஎஸ் நூலகத்தின் பதிப்பு 5.0.0-பீட்டா.12; அந்த நூலகத்தின் 5.0.0 டிசம்பரில்தான் வந்தது. ஆங்குலர் சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவி அப்போது பீட்டாவிலேயே இருந்தது, 1.0 ஆனது 2017 மார்ச்சில். திரைக் கூறுகளின் தொகுப்பான ஆங்குலர் மெட்டீரியல் இன்னும் ஆல்பாவில். முன்வெளியீட்டைத் தவிர்ப்பதற்காகச் செப்டம்பர் வரை காத்திருந்த கவனமான குழுவும், பேக்கேஜ் பட்டியலைத் திறந்து பார்த்தால் பீட்டா என்ற சொல்லைக் கண்டிருக்கும்.

ஏன் இவ்வாறு நடந்தது

இரண்டு காரணங்களை முன்வைக்கிறேன். முதலாவது, இறுதிப் பதிப்புக்குப் பின் செமான்டிக் வெர்ஷனிங்கைப் பின்பற்றுவதென ஆங்குலர் குழு கொண்டிருந்த எண்ணம். 2.0.0 வெளியான பின் உடைக்கும் மாற்றங்களுக்குப் பெரும் பதிப்பு வரை காத்திருக்க வேண்டும் என்பதால், உடைக்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே உடைத்துவிடும் அழுத்தம் ஆர்சி காலத்தின் மேல் விழுந்தது. கதவு மூடுமுன் நுழைய முண்டியடிப்பது போன்ற நிலை.

இரண்டாவது, கூகுளின் உள்ளே நிரல் வாழும் முறை. அங்கே பெரும்பாலான நிரல் ஒரே பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது. ஒரு நூலகத்தின் இடைமுகத்தை மாற்றுபவர், அதை அழைக்கும் இடங்களையும் தாமே தேடித் திருத்த முடிகிறது. அத்தகைய சூழலில் பழகியவர்களுக்கு ஒரு மாற்றத்தின் விலை வேறு மாதிரித் தெரியும். வெளியே, அழைக்கும் இடங்கள் எங்கே உள்ளன என்பதே நூலகம் எழுதியவருக்குத் தெரியாது.

இது ஆங்குலருக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். அதே காலத்தில் மைக்ரோசாஃப்டின் வலை ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி.நெட் 5, 2015 நவம்பரில் ஆர்சி1 ஆக வெளியானபோது, உற்பத்திச் சூழலில் பயன்படுத்தலாம் என்ற 'கோ-லைவ்' உரிமத்தோடு வந்தது. 2016 மே மாதத்தில் ஆர்சி2 வருவதற்குள் அதன் பெயர் ஏஎஸ்பி.நெட் கோர் 1.0 என்றாகி, டிஎன்எக்ஸ் என்ற இயக்கும் கருவிக்குப் பதிலாக டாட்நெட் கட்டளை வந்து, நேம்ஸ்பேஸ்களும் (நிரலுக்குள் வழங்கும் குழுப்பெயர்களும்) மாறியிருந்தன. ஆதரவு தருகிறோம் என்ற உரிமமும், மாற்றமாட்டோம் என்ற வாக்குறுதியும் ஒன்றல்ல.

அன்று கிடைத்த மூன்றாம் வழி

பீட்டாவா, பழைய 1.x-ஆ என்ற விவாதத்தில் பலர் கவனிக்காமல் விட்ட வழி ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியில் வெளியான ஆங்குலர்ஜேஎஸ் 1.5-இல் கம்பொனென்ட் என்ற புதிய முறை சேர்க்கப்பட்டது. கன்ட்ரோலரையும் ஸ்கோப்பையும் சுற்றி எழுதாமல், உள்ளீடும் வெளியீடும் வரையறுக்கப்பட்ட கம்பொனென்டுகளின் மரமாகப் பயன்பாட்டை எழுத அது இடம் தந்தது. அந்த வடிவம் ஆங்குலர் 2-இல் நிலைத்துவிட்ட பகுதியின் வடிவமே. நிலையான பதிப்பில் அமர்ந்துகொண்டு, புதியதன் முடிவான சிந்தனையை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவாகாத ரவுட்டரையும் படிவங்களையும் தொடாமல் இருக்க அது உதவியது; இரண்டு பதிப்புகளையும் ஒரே பயன்பாட்டில் ஓட்டும் என்ஜிஅப்கிரேட் பின்னர் நகர்வதற்கும் துணை செய்தது. 2016-இன் முதற்பாதியில் வெளியீட்டுத் தேதி குறிக்கப்பட்டிருந்த வணிகத் திட்டத்திற்கு இதுவே சரியான தேர்வு என்பது என் மதிப்பீடு. 1.x-இன் ஆதரவு 2021 டிசம்பர் இறுதி வரை நீடித்தது என்பதைப் பின்னோக்கிப் பார்க்கையில், அவசரப்பட வேண்டிய தேவை அன்று தோன்றிய அளவுக்கு இருக்கவில்லை.

முன்வெளியீட்டை எடுத்தது சரியாக அமையும் திட்டங்களும் இருந்தன. வெளியீடு 2017-இல்தான் என்று தெரிந்தவை, திரைகள் குறைவானவை, வெளியார் நூலகங்களை அதிகம் நம்பாதவை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு ஆர்சியையும் வந்த வாரமே ஏற்பது தாங்கக் கூடிய வேலை. பல வெளியீடுகளைத் தாண்டி ஒரேயடியாக நகர முயல்வது அதைவிடக் கடினம். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் இடைக்காலப் பதிப்பு அப்போது கைநழுவிவிடும்.

பின்னர் மாறியவை

இறுதிப் பதிப்பு வந்த சில வாரங்களில் ஆங்குலர் குழு, ஆறு மாதத்திற்கு ஒரு பெரும் பதிப்பு என்ற அட்டவணையை அறிவித்தது. ரவுட்டரின் பேக்கேஜ் ஏற்கெனவே 3 என்ற எண்ணில் ஓடிக்கொண்டிருந்ததால், எண்களை ஒன்றுபடுத்த 2-இலிருந்து நேரே 4-க்குத் தாவ வேண்டி வந்தது. அந்தப் பதிப்பு 2017 மார்ச்சில் வெளியானது. மூன்று முறை எழுதப்பட்ட ரவுட்டர் விட்டுச்சென்ற தழும்பு அது.

அதைவிட முக்கியமான மாற்றம், முன்வெளியீடு என்ற முத்திரையை முழுப் பதிப்பின் மேல் குத்தாமல் தனித்தனி வசதியின் மேல் குத்தத் தொடங்கியது. சோதனை நிலை, டெவலப்பர் ப்ரிவ்யூ, நிலையானது என்று ஒவ்வொரு வசதியும் குறிக்கப்படுகிறது. முதலிரண்டு நிலைகளில் உள்ளவை செமான்டிக் வெர்ஷனிங் வாக்குறுதிக்குள் வராது. மாட்யூல் இல்லாமலே இயங்கும் ஸ்டான்டலோன் கம்பொனென்ட் 2022 ஜூனில் பதிப்பு 14-இல் டெவலப்பர் ப்ரிவ்யூவாக வந்து, அதே ஆண்டு நவம்பரில் 15-இல் நிலைபெற்றது. மதிப்பு மாறும்போது அதைச் சார்ந்த திரையைப் புதுப்பிக்க உதவும் சிக்னல்கள் 2023-இல் 16-ஆம் பதிப்பில் அதே வழியில் நுழைந்தன. ஒரு நிறுவனம் நிலையான 16-ஆம் பதிப்பை உற்பத்தியில் ஓட்டிக்கொண்டே, ஒரே ஒரு திரையில் சிக்னலைப் பரிசோதித்துப் பார்க்க முடிந்தது. 2016-இல் ரவுட்டருக்கு இத்தகைய ஏற்பாடு இருந்திருந்தால், மீதியுள்ள ஃப்ரேம்வொர்க்கை நம்பி எடுத்தவர்கள் அதன் தள்ளாட்டத்தைச் சுமக்க வேண்டியிருந்திராது.

முழுப் பதிப்பின் ஆர்சியும் பயனற்றதாகிவிடவில்லை. ஆங்குலரைப் போலவே திரைகளை எழுத உதவும் மற்றொரு நூலகமான ரியாக்டின் 19-ஆம் பதிப்பு ஆர்சியாக இருந்த 2024 ஜூனில், ஒரே சஸ்பென்ஸ் (தரவு வரும்வரை மாற்றுத் திரை காட்டும்) எல்லைக்குள் உள்ள கம்பொனென்டுகள் தரவை இணையாகக் கேட்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்படி ஒரு மாற்றம் அமைந்திருப்பதைத் தரவுப் பெறுதல் நூலகங்களைப் பராமரிப்பவர்கள் கண்டு சொன்னார்கள். ரியாக்ட் குழு இறுதி வெளியீட்டை நிறுத்தி வைத்து, வேறு தீர்வு கண்ட பிறகு, டிசம்பர் 5 அன்று வெளியிட்டது. இதற்கிடையில் அக்டோபரில் வந்த, ரியாக்டின் மேல் கட்டிய ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட்.ஜேஎஸ் 15, நிலையான பதிப்பென்ற பெயரோடு ரியாக்ட் 19-இன் ஆர்சியைச் சுமந்து வந்தது. ரியாக்ட் 18-ஐ மட்டும் ஏற்பதாக அறிவித்திருந்த நூலகங்களோடு அதை நிறுவ முயன்றவர்களை, பியர் டிபென்டன்சி (ஒரு நூலகம் தன்னோடு இருக்க வேண்டும் எனக் கேட்கும் பதிப்பு) முரண் என்று சொல்லி என்பிஎம் தடுத்தது. 2016-இல் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு நகர்ந்த அதே கருவி, பதிப்பு 7 முதல் நிறுவவே மறுக்கிறது. தொல்லைதான், ஆனால் உடைப்பு, பயன்பாடு ஓடும் இடத்திலிருந்து நிறுவும் இடத்திற்கு முன்னேறி வந்திருக்கிறது.

ஆங்குலரில் வசதிவாரியான முறையின் செலவு எவ்வளவு என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, சோன்.ஜேஎஸ் (திரையை எப்போது புதுப்பிப்பது என்று ஆங்குலருக்கு அறிவிக்கும் நூலகம்) இல்லாமல் இயங்கும் முறை. 2024 மே மாதப் பதிப்பு 18-இல் அது சோதனை நிலையில் வந்தபோது, அதை இயக்கும் செயற்கூறின் பெயரிலேயே 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல் இருந்தது. ஓராண்டு கழித்துப் பதிப்பு 20-இல் டெவலப்பர் ப்ரிவ்யூவாக உயர்ந்தபோது அந்தச் சொல் நீக்கப்பட்டது. அந்தப் பெயர் மாற்றத்திற்காக, முன்கூட்டியே அதை எடுத்துப் பயன்படுத்திய குழுக்கள் திருத்த வேண்டியிருந்தது, பயன்பாடு தொடங்கும் கோப்பில் ஓர் அழைப்பும் அதற்கான இம்போர்ட் வரியும்.